நிற்பதும் நடப்பதும்: உடற்சமநிலையை அளந்தறியும் முறைகள்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் ஒருவருக்கு அடிக்கடி அடி சறுக்குமானால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். தீபாராதனையின்போது கண்களை மூடிக் கைகூப்பியதும் சில பெரியவர்களின் உடல் இலேசாக ஆடுவதையும், அவர்கள் உடனே அருகிலுள்ள தூணைப் பற்றிக்கொள்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், நீரிழிவினால் ஏற்படும் நரம்புப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்களிடம் காணும் தள்ளாட்டம் வயதின் விளைவு மட்டும் அன்று. அதனை அளந்து பார்க்க முடியும். காரணம் தெரிந்தால் பெரும்பாலும் ஓரளவு சீர்ப்படுத்தவும் முடியும். உடற்பயிற்சிச் சிகிச்சைத் துறையில் பணிபுரிந்து வரும் நான், இதனை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது என்று கருதி இங்கு விளக்க முற்படுகிறேன்.

சமநிலைக்கு மூன்று துணைகள்

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு தலையின் அசைவையும் சாய்வையும் உணர்கிறது. பாதங்களும் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கின்றன. சிறுமூளையும் மூளையின் பிற பகுதிகளும் இவற்றை ஒன்றுசேர்த்துத் தசைகளை இயக்குகின்றன.

ஒரு துணை குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுசெய்யும். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர் கண்களை நம்பியே நிற்கிறார். அதனால்தான் இருட்டில் குளியலறைக்குப் போகும்போதும், கண்மூடி வணங்கும்போதும் அவருக்குத் தடுமாற்றம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரொம்பெர்க் விவரித்த சோதனை இதனை அடிப்படையாகக் கொண்டது. நோயாளி இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, முதலில் கண் திறந்தும் பிறகு கண் மூடியும் நிற்பார். கண் மூடியதும் நிலைகுலைந்தால், பாதத்திலிருந்து வரும் செய்தியிலோ உட்காதிலோ குறை இருக்கலாம். கண் திறந்திருக்கும்போதே நிற்க முடியாவிட்டால் சிறுமூளையையும் கவனிக்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் இதனை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

அளக்கும் முறைகள்

1989ஆம் ஆண்டு கனடாவில் கேத்ரின் பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் 14 செயல்கள் உள்ளன. நாற்காலியிலிருந்து எழுதல், பிடிக்காமல் இரண்டு நிமிடம் நிற்றல், தரையிலிருக்கும் செருப்பைக் குனிந்து எடுத்தல், நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுதல், ஒற்றைக் காலில் நிற்றல் போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. ஆத்மப் பிரதட்சிணம் செய்வதும், கோயில் வாசலில் குனிந்து செருப்பை எடுப்பதும் இதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கணக்கிடுவது மற்றொரு முறை. இது 1991இல் வெளிவந்தது. பொதுவாக 10 விநாடிக்குள் முடிப்பவருக்கு நடமாட்டத்தில் பிறர் உதவி வேண்டியதில்லை; 30 விநாடிக்கு மேல் ஆகுமானால் பல காரியங்களுக்குத் துணை தேவைப்படும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, சோதிப்பவர் பின்னால் நின்று இரு தோள்களையும் சட்டென்று பின்னுக்கு இழுத்து, எத்தனை அடி வைத்துச் சமாளிக்கிறார் என்றும் பார்ப்பார். இது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டியது.

எண் மட்டும் போதாது

பெர்க் அளவில் 45க்குக் கீழே என்றால் விழும் அபாயம் அதிகம் என்று முன்பு கோடு கிழித்துச் சொன்னார்கள். இன்று அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. எந்தச் செயலில் மதிப்பெண் போயிற்று, ஏன் போயிற்று என்பதே முக்கியம்.

பக்கவாதத்தால் வலப்பக்கம் பலவீனமடைந்த ஓர் அம்மையாரை நான் சோதித்தபோது அவர் 41 பெற்றார். விழுந்துவிடுவார் என்று பயந்து, வீட்டில் அவரைக் கோயிலுக்கு அனுப்புவதையே நிறுத்தியிருந்தனர். எழுவதிலும் நிற்பதிலும் அவருக்குக் குறை இல்லை. இழந்த 15 மதிப்பெண்களும் ஐந்தே செயல்களில் போயிருந்தன. அவை யாவும் வலக்காலில் பாரத்தைத் தாங்கவோ, திரும்பவோ வேண்டிய செயல்கள். அவற்றுக்கே பயிற்சி கொடுத்தோம். எட்டு வாரத்தில் 48 வந்தது. மகள் துணையுடன் அவர் மீண்டும் பிரகாரம் சுற்றத் தொடங்கினார்.

பார்க்கின்சன் நோயாளிக்கோ, மாத்திரை எடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆகவே அந்த நேரத்தையும் குறித்துக்கொள்வோம். பேசிக்கொண்டே நடக்கச் சொன்னால் நின்றுவிடுகிறாரா என்றும் பார்ப்போம். படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்குமானால், தள்ளாட்டத்திற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

விழுவார் என்று அஞ்சி ஒருவரை நாற்காலியிலேயே உட்கார வைத்தால் கால் தசை மெலியும். பிறகு கழிவறைக்கு எழும்போதே விழுவார். பக்கவாதம் வந்தவருக்குப் பலவீனமான பக்கத்தில், சற்றே பின்னால் நின்று துணை செய்யுங்கள். கையைப் பிடித்து முன்னால் இழுக்க வேண்டாம். கோயிலில் வெறுங்காலுடன் நடப்பதால், பாதம் மரத்தவர்களை அபிஷேக நீர் தேங்கிய இடத்திலும் நண்பகல் வெயிலில் சுட்ட தரையிலும் நடக்க விடாதீர்கள். வீடு திரும்பியதும் பாதங்களில் காயமோ கொப்புளமோ உண்டா என்று பாருங்கள்.

கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று ஒரு தாளில் எழுதி, மருந்துகளின் பட்டியலோடு பலதுறை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். விழாமல் தடுமாறியதையும் எழுதுங்கள். "இவருடைய சமநிலையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்" என்று நீங்களே கேட்கலாம். சோதனைக்குப் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது. நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் காலில் நின்று இறைவனை வணங்கி வர, இந்தச் சிறு முயற்சியை மேற்கொள்ளுமாறு அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.