பூனை மெல்லும் பச்சை

வயிறு சரியில்லாத பூனைதான் புல்லைத் தேடிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர், பூனை வளர்ப்பவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2019-இல் சொன்னது வேறு. 71 சதவீதப் பூனைகள் குறைந்தது ஆறு முறையாவது செடியை மெல்லும்போது கண்ணில் பட்டிருந்தன. மெல்வதற்கு முன் அவற்றில் பத்துக்கு ஒன்பது நன்றாகவே இருந்தன. மென்றபின் அடிக்கடி வாந்தியெடுத்தவை கால்வாசிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். குடற்புழுக்களை வெளியே தள்ள, காட்டு மூதாதைகள் பழகிய வழக்கத்தின் மிச்சம் இது என்பது அவர்களின் ஊகம். அது உண்மையானால், அதட்டி நிறுத்தக்கூடிய பழக்கம் அல்ல இது.

மென்றது நச்சுச் செடியானால், சிக்கல் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. பூனை பரம்பரை பரம்பரையாக ஊன் தின்று வாழும் விலங்கு. உடலுக்கு ஒவ்வாத பல சேர்மங்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் வேலை மனிதக் கல்லீரலுக்குச் சுலபம். அதற்குத் தேவையான நொதிகளில் ஒன்றின் மரபணு பூனையிடம் செயலிழந்துபோய்விட்டது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதனால்தான்.

செடிகளில் மிக மோசமானது லில்லி. பிறந்தநாள் பூங்கொத்துகளில் வருகிறதே, அந்த ஆசியாட்டிக், ஓரியன்டல் வகைகளும், ஒரே நாளில் வாடும் டே லில்லியும். இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே நஞ்சு. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். சில மணி நேரத்தில் வாந்தி, ஓரிரு நாளில் சிறுநீரகச் செயலிழப்பு. வாந்தி நின்று பூனை தேறியதுபோல் தெரியும் இடைவேளைதான் பலரை ஏமாற்றுகிறது. நாய் இதைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனையை மட்டும் கொல்லும் அந்த வேதிப்பொருள் எது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பூனை வீட்டில் லில்லிக்கு இடமே கிடையாது. உயர அலமாரியும் தீர்வல்ல.

பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி. அது மணி பிளான்ட், மான்ஸ்டெரா, டிஃபன்பேக்கியா, நம் சேப்பங்கிழங்கு ஆகியவற்றின் குடும்பம். சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும் அல்லவா? அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றின் இலைகளிலும் இருக்கின்றன. கடித்ததும் வாய் எரியும், எச்சில் வடியும். வேதனைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து அரிது. எரிந்த வாயோடு பூனை தானே விலகிவிடுவதால் அதிகம் உள்ளே போவதில்லை.

அரளி, செங்காந்தள், சைகஸ் மூன்றும் அப்படி விடுபவை அல்ல. அரளி இதயத்தையும் சைகஸ் கல்லீரலையும் தாக்கும். செங்காந்தளில் உள்ள கோல்சிசின் உடலின் செல் பிரிதலையே நிறுத்திவிடும். மாறாக, ஸ்பைடர் பிளான்டும் அரிக்கா பனையும் பயமில்லாமல் வைக்கலாம்.

செடியைக் காப்பாற்ற மிளகாய்த்தூள் தூவுகிறார்கள், எலுமிச்சை எண்ணெய் தெளிக்கிறார்கள். தூள் பாதத்தில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும். எண்ணெயை நக்கினால் மேலே சொன்ன அதே கல்லீரல்தான் அதையும் சமாளிக்க வேண்டும். இதைவிட உருப்படியான வழி, மெல்லத் தனிப் பச்சை கொடுப்பது. ஊறவைத்த கோதுமையை அகலமான தொட்டியில் விதைத்தால் ஒரு வாரத்தில் புல் எழும்பும். பூனை வழக்கமாக மேயும் செடி நின்ற இடத்திலேயே இதை வைத்து, செடியைக் கூரையிலிருந்து தொங்கவிடலாம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பூனைக்குத் தினமும் துரத்தி விளையாட ஏதாவது வேண்டும்; சும்மா இருக்கும் வாய்தான் இலையைத் தேடும்.

நச்சுச் செடியை மென்றது தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே கொல்லும். லில்லி என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதாகுமுன் சிரை வழியே திரவம் ஏற்றத் தொடங்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கிளம்பும்போது கடிபட்ட கிளையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.