கெர்னலைக் குடியேற்றும் சின்ன ஸ்கிரிப்ட்

கனடாவின் றிச்மண்ட் ஹில்லிலிருந்து ஏழாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் மார்க்கம். 2006இல் ஏ.எம்.டி வாங்கிய ஏ.டி.ஐ நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அந்த வழிவந்த வரைகலைச் சில்லுகளை இன்று இயக்கும் மென்பொருள், 2015 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே நிற்கும் இயங்குதளத்தின் கருதான் கெர்னல். இரண்டு கோடி வரிக்கும் மேல். அவ்வளவு பெரியதைக் கணினியில் குடியேற்றுவது சில பத்து வரிகள் கொண்ட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்.

'மேக் இன்ஸ்டால்' என்று தட்டியதும் அது பழைய கெர்னலின் பெயரோடு 'ஓல்ட்' என்று ஒட்டி ஒதுக்கிவிட்டு, புதியதை 'பூட்' அடைவில் வைக்கும். டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் தங்கள் சொந்த ஸ்கிரிப்டிடம் இந்த வேலையை ஒப்படைக்கின்றன.

கெர்னலின் இந்த ஸ்கிரிப்டில் ஒருவர் ஒரு வரியை மாற்றினாலும், இன்னொருவர் அதை எழுத்தெண்ணி வாசித்த பிறகே சேர்க்கலாம். கணினியில் எதையும் செய்யவல்ல ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்டைத் தடுக்க ஆளில்லை. 2011இல் பம்பிள்பீ என்ற வரைகலை மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், 'யு.எஸ்.ஆர்' என்ற அடைவுப் பெயருக்குப் பின்னால் ஒரே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. உள்ளே ஒரு மூலையை அழிக்க வேண்டிய கட்டளை, மென்பொருள்கள் குடியிருக்கும் அந்த அடைவையே அழித்தது. ஷெல்லுக்கு இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கெர்னலின் நிறுவல் ஸ்கிரிப்டிலும், உள்ளே இடைவெளி வந்தால் அப்படியே உடையக்கூடிய, மேற்கோள் குறி இல்லாத மாறிகள் நெடுநாள் இருந்தன. 2021இல் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அவற்றைத் திருத்தினார்.

இதைவிட எனக்கு அச்சம் தருவது ஷெல்லின் இன்னொரு குணம். ஒரு கட்டளை தோற்றாலும் அது அடுத்த வரிக்குப் போய்விடும். பல கணினிகளில் 'பூட்' அடைவு இருக்கும் வட்டுப் பகுதி சிறியது. பழைய கெர்னல்கள் சேர்ந்து இடம் நிறைந்தால் புதிய கோப்பு பாதியில் நிற்கும், ஸ்கிரிப்ட் நிற்காது. மறுநாள் காலை கணினி எழும்பாது. ஆகவே, தவறு நேர்ந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லும் 'செட் மைனஸ் ஈ' வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும்.

வாசித்தால் மட்டும் போதாது. மெய்நிகர் கணினியில் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் முறை, நன்றாக ஓடிய கெர்னல் 'ஓல்ட்' ஆகிறது. புதியது பழுதென்றால் திருத்தி மறுபடி நிறுவுவோம். அப்போது பழுதானது 'ஓல்ட்' ஆகி, நல்லதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதும் பழுதென்றால் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சாது. டெபியன் ஒவ்வொரு கெர்னலின் பெயரிலும் பதிப்பு எண்ணைச் சேர்த்து, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்திருப்பதால், பதிப்பு எண் வேறுபடும்வரை அங்கே இந்த இழப்பு நேர்வதில்லை.