எனக்கும் ஒரு ஜோடி ஷூ!

இரண்டு ஆண்டுகள் சீட்டு கட்டி, அந்தப் பணத்தில், 2024 செப்டம்பர் இறுதியில், குடும்பத்தோடு பத்ரிநாத் புறப்பட்டோம். காலாண்டு விடுமுறையோடு, சில நாட்கள் கூடுதலாக லீவு. நான், கணவர், மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன்.

'பத்ரிநாத் போற வழியில தான் ஹேமகுண்டம் இருக்கு. மலை உச்சியில பனிப்பாறை உருகி வந்த ஏரிம்மா... அதையும் பார்ப்போம்...' என்று பிடிவாதம் பிடித்தவள், மகள்.

எல்லாருக்கும் ஷூ வாங்கினேன், எனக்கு வாங்கவில்லை. 'செருப்பு போதும், அப்புறம் அதைப் போட்டுட்டு நான் எங்கே போகப் போறேன்?' என்றேன். மகள் விடவில்லை. 38 வயதில், முதல் முறையாக எனக்கென்று ஒரு ஜோடி ஷூ!

ஹரித்துவாரிலிருந்து வேனில் ஜோஷிமட். அங்கிருந்து 20 கி.மீ., தூரத்தில், கோவிந்த்காட். அடுத்து, புல்னா வரை ஜீப். அதற்கு மேல் நடை தான். 10 கி.மீ., ஏறினால், காங்கரியா என்ற சின்ன ஊர். மாமியார் குதிரையில் வர, நாங்கள் நால்வரும் நடந்தோம். பக்கத்திலேயே ஆறு இரைந்து கொண்டு ஓட, தேவதாரு மரங்களின் வாசனையில், கால் வலி கூட தெரியவில்லை.

காங்கரியா, 10,000 அடி உயரம். ஹேமகுண்டம், 14,000 அடிக்கும் மேல். இடையில் இருப்பதோ, 6 கி.மீ., தான். அப்படியென்றால், எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள். மேலே யாரும் இரவு தங்க முடியாது. மதியத்துக்கு மேல் இறங்கி விட வேண்டும். எனவே, மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பினோம். அத்தை, அறையிலேயே இருந்து கொண்டார்.

பாதி வழி தாண்டியதும், சின்னவன், 'தலை வலிக்குதும்மா' என்றான். பசியாக இருக்கும் என்று பிஸ்கட் கொடுத்தேன். வாந்தி எடுத்து விட்டான். அத்தை முடிந்து கொடுத்திருந்த கற்பூரத்தை முகரச் செய்தேன், கேட்கவில்லை. முகம் வெளிறி, கல்லில் சாய்ந்து உட்கார்ந்து விட்டான்.

'இன்னும் ரெண்டு கிலோ மீட்டர் தானேடா... பல்லைக் கடிச்சுட்டு ஏறு. இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு துாரம் வந்துட்டு...' என்றார், கணவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மறுபடி எந்தக் காலத்தில் வரப் போகிறோம்?

அருகில் டீக்கடை வைத்திருந்த பெரியவர், மகனின் முகத்தைப் பார்த்தார். ஹிந்தியில் ஏதேதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை தான். கையைக் கீழே காட்டி, 'நீச்சே... நீச்சே...' என்றார்.

கல்யாணமாகி, 16 ஆண்டுகளில், வெளியிடத்தில் வைத்து, கணவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. அன்று, 'என்னங்க... நீங்க பாப்பாவைக் கூட்டிட்டு போயிட்டு வாங்க. நான் இவனைக் கூட்டிட்டு இறங்குறேன். ஏரி எங்கேயும் போயிடாது...' என்று சொல்லி விட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும், ஒன்றும் சொல்லவில்லை.

முதுகில் கூடை கட்டி ஆட்களைச் சுமக்கும் ஒருவரை அமர்த்தி, மகனை அதில் உட்கார வைத்து, கூடவே இறங்கினேன். இறங்க இறங்க, அவன் பேச ஆரம்பித்தான். காங்கரியா வந்து சேர்ந்ததும், 'அம்மா... பசிக்குது' என்றானே பார்க்கலாம்... நடுத்தெருவில் நின்று அழுது விட்டேன்.

லாட்ஜ்காரரிடம் கேட்டு, அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். சாயங்காலம் கணவரும், மகளும் திரும்பியபோது, தம்பி கட்டிலில் உட்கார்ந்து விளையாடிக் கொண்டிருந்தான். பக்கத்து அறையில் தங்கியிருந்த டாக்டர் ஒருவர், அவனைப் பார்த்து விட்டு, 'இறங்கினது தான் சரியான மருந்து...' என்றார். கணவர், என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவு தான். அது போதும் எனக்கு.

மறுநாள், பூக்களின் பள்ளத்தாக்கு போவதாகத் திட்டம். அத்தை தான் ஆரம்பித்தார்... 'ஏம்மா, எல்லாரும் பார்த்தாச்சு. நீ மட்டும் தான் பார்க்கல. பேரனை நானும், என் மகனும் பார்த்துக்கறோம். நீ போயிட்டு வா...' என்று. கணவரும் தலையாட்டினார். மகள், கால் வலி என்று படுத்து விட்டாள்.

பக்கத்து அறையில், லுாதியானாவிலிருந்து வந்த பெண்கள் ஆறு பேர் இருந்தனர். அவர்களோடு கிளம்பினேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பஞ்சாபி தெரியாது. நான் மூச்சு வாங்கி நின்றால், அவர்களும் நிற்பர், முந்திரி, கற்கண்டு தருவர், 'வாஹே குரு' என்பர், மீண்டும் நடப்போம். யாருடைய பையையும் துாக்காமல், 'அம்மா, தண்ணி' என்ற குரல் கேட்காமல், எனக்காக மட்டும் நான் நடந்த நடை, அது தான்!

கடைசியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் படிகள். ஏறி முடித்ததும், கண்ணெதிரே ஏரி. சுற்றிலும், ஏழு சிகரங்கள். அசையாத பச்சை நீலத் தண்ணீரில், மலை தலைகீழாகத் தெரிந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியாறு, பாறையைக் கிண்ணம் போல் குடைந்து விட்டுப் போன பள்ளம் தான் இது என்று, மகள் சொல்லியிருந்தாள். விரலை விட்டால், ஊசி குத்துவது போல் குளிர்!

கரையில், சீக்கியர்களின் குருத்வாரா. பத்தாவது குரு கோவிந்த் சிங், முற்பிறவியில் தவம் செய்த இடம் என்பது, அவர்கள் நம்பிக்கை. பக்கத்திலேயே, நம் லட்சுமணனுக்குச் சின்னக் கோவில். குருத்வாராவில், சுடச்சுட டீயும், கிச்சடியும் கொடுத்தனர், காசு வாங்குவதில்லை. ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் தான், காங்கரியா வழியாக இறங்கி, கோவிந்த்காட்டில் அலக்நந்தாவில் சேர்ந்து, கடைசியில் கங்கையாகிறது. ஹரித்துவாரில் நாங்கள் முழுகிய கங்கையில், இந்தத் தண்ணீரும் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது, உடம்பு சிலிர்த்தது.

தோழிகளே... இப்படி உயரமான ஏரிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், நாங்கள் செய்த தவறைச் செய்யாதீர்கள். சமவெளியிலிருந்து வந்த வேகத்தில், 14,000 அடி ஏறியது தான் தப்பு. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில், ஐந்தில் மூன்று பங்கு தான். முதலில், 10,000 அடி உயரமுள்ள பத்ரிநாத்தில், இரண்டு இரவு தங்கி, உடம்பு பழகிய பின், ஹேமகுண்டம் போயிருக்க வேண்டும்.

ஏறும் போது தலைவலியும், வாந்தியும் வந்தால், அதற்கு மேல் ஓரடி கூட ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே கீழே இறக்கி, டாக்டரிடம் காட்ட வேண்டும். கற்பூரத்தை நம்பி மேலே ஏறாதீர்கள். இதற்கென்று மாத்திரை உண்டு; ஆனால், கிளம்பும் முன், டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். வழியில் கழிப்பறை வசதி குறைவு என்று, நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நடப்பர். நானும் அப்படித் தான் நடந்தேன், அது தவறு.

கோவிந்த்காட்டிலிருந்து ஹேமகுண்டத்துக்கு, 12.4 கி.மீ., நீளத்துக்கு ரோப் கார் அமைக்க, 2025 மார்ச்சில், மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. அது வந்தால், என் அத்தை போன்ற பெரியவர்களும் மேலே போகலாம், சந்தோஷம் தான். ஆனால், உட்கார்ந்தபடியே வேகமாக உயரம் ஏறினாலும், உடம்புக்குப் பழக நாள் வேண்டும் என்பதை மறந்து விடக் கூடாது.

ஷூவை, பேப்பர் சுற்றி, பரணில் வைத்திருக்கிறேன். 'அடுத்து எங்கேம்மா?' என்று கேட்கிறான், சின்னவன். இந்த முறை, போகும் வழியையும், தங்கும் நாட்களையும் நான் தான் எழுதப் போகிறேன் என்று, கணவரிடம் சொல்லி விட்டேன். 'சரி' என்றிருக்கிறார்!

— ஒரு வாசகி, விருதுநகர்.