நத்தைகுத்தியைத் தேடி ரங்கனதிட்டுக்கு...

காவிரித் தண்ணியில வளர்ந்த உடம்பு இது. ஆனா, அந்தக் காவிரி மேலே எப்படி ஓடுதுன்னு ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் நான் பார்த்ததில்லை. போன மார்ச் மாதம் தாளடி அறுவடை முடிஞ்ச கையோட, எங்க பகுதி இயற்கை விவசாயிகள் ஆறு பேர் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்தோம்.

கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டி, கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே, காவிரிக்குள் இருக்கும் சிறு தீவுகள்தான் ரங்கனதிட்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் உண்டான திட்டுகள் இவை. பறவை அறிஞர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதால், 1940-இல் மைசூர் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

துடுப்புப் படகில் ஏறினோம். பாறை மேல ஒரு முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்தது. மரமெல்லாம் மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம். ஒரு மரத்தைக் காட்டி, "நத்தைகுத்தி, சார்" என்றார் படகுக்காரர். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகு. நத்தையைக் கவ்வி சதையை எடுக்கத் தோதான அலகு அது.

கூட வந்தவங்க படம் எடுத்தாங்க. எனக்குப் பேச்சு வரலை.

பதினாறு வருஷத்துக்கு முன்னாடி, தண்டுத்துளைப்பானுக்குப் பயந்து நடவு வயலில் குருணை மருந்து போட்டேன். மறுநாள் காலை மடை பார்க்கப் போனா, வரப்போரம் மூணு மடையானும் ஒரு நத்தைகுத்தியும் செத்துக் கிடந்தன. யாருக்கும் சொல்லாம வாழைக்கொல்லையில் குழி தோண்டிப் புதைச்சேன். இயற்கை விவசாயத்துக்கு ஏன் வந்தீங்கன்னு கேட்கிறவங்ககிட்ட செலவு குறையுதுன்னு சொல்லுவேன். நிஜக் காரணம் அந்தக் குழிதான்.

"மழைக்காலத்துல அணை நிறைஞ்சு தண்ணி நிறைய விட்டா, தாழ்வான கூடெல்லாம் முழுகிடும். படகும் கிடையாது" என்றார் அவர். தண்ணி வருதுன்னு நாம வெடி போட்டுக் கொண்டாடுற நாளில், இங்கே குஞ்சுகள் தவிக்கும். இது எனக்கு அதுவரை தெரியாது.

ஊர் திரும்பியதும் ரெண்டு வேலை செய்தேன். வயல் மூலையில் ஒரு சென்ட் இடத்தை ஆழப்படுத்தி விட்டேன். வயல் காயும்போது தவளையும் மீன்குஞ்சும் அங்கே ஒதுங்கும். கொக்குக்கும் இரை கிடைக்கும். ஏக்கருக்குப் பத்துப் பறவைத் தாங்கி நட்டேன். கரிச்சான் அதில் உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியைப் பிடுங்கிடணும், இல்லேன்னா நெல் தின்கிற குருவிக்கு வசதியாகிடும்.

ரங்கனதிட்டு போறவங்க காலையிலேயே போங்க. சத்தம் போடாதீங்க, பிளாஸ்டிக் பை கொண்டு போகாதீங்க.

இந்தக் குறுவையில் சேறடிக்கும்போது டிராக்டர் பின்னாடி நாலு நத்தைகுத்தி நடந்து வந்துச்சு. ஓட்டுநர் தம்பி விரட்டப் போனார். "இருக்கட்டும்பா, நம்ம ஆளுங்கதான்"னு சொல்லி நிறுத்திட்டேன்.