ஏலத் தொகையும் வெற்றிக் கோப்பையும்

நமது சங்க மலர்களில் கல்வெட்டு, நிகண்டு, பழைய உரைகள் என்று எழுதி வந்தவன் இந்த முறை கிரிக்கெட்டில் இறங்கிவிட்டானே என்று அன்பர்கள் வியக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதம் வந்தால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இரண்டு கட்சி உண்டாகிறது. ஊர்ப் பாசம் விடாத பெரியவர்கள் சென்னை அணிக்கு. இங்கேயே பிறந்து, கன்னடத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள் பெங்களூர் அணிக்கு. சண்டை முற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். கோப்பையைக் கொண்டு வருவது பெரிய சம்பளமா, அடிப்படைப் பலமா? ஆட்டத்தின் நுணுக்கம் என்னைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஏலம் என்றால் என்ன என்பது பாத்திர வியாபாரத்தில் தலை நரைத்த எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். ஐ.பி.எல். போட்டியில் பணக்கார முதலாளி இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. ஆட்டக்காரர்களுக்காக ஓர் அணி செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2008-இல் அது 50 லட்சம் டாலர். 2014-இல் 60 கோடி ரூபாய். 2025 பருவத்துக்கு 120 கோடி. ஆக எல்லார் கையிலும் உள்ள முதல் ஒன்றுதான். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். எனவே "பணமா, பலமா" என்ற கேள்வி இங்கே கொஞ்சம் உருமாறுகிறது. அதே பணத்தை எதில் போட்டான் என்பதுதான் கேள்வி.

பழைய செம்பு, பித்தளை ஸ்கிராப் ஏலங்களில் நான் பல வருஷம் நின்று பார்த்திருக்கிறேன். சரக்கை முந்தின நாளே போய்ப் பார்த்து, எடை மதிப்பிட்டு, உருக்கினால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டுதான் எல்லாரும் வருவார்கள். ஏலம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆனதும் அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடக்கும். இரண்டு பேருக்குள் போட்டி ஏறிவிட்டால் சரக்கு கண்ணுக்குத் தெரியாது, எதிராளியின் முகம்தான் தெரியும். ஏலத் தொகை என்பது பொருளின் மதிப்பு இல்லை. அதை விரும்பிய இரண்டாவது ஆள் எந்த இடத்தில் கையை இறக்கினார் என்பதுதான் அது. எங்கள் தொழிலில் பெரியவர்கள் சொல்வார்கள், லாபம் வாங்குகிற இடத்தில்தான், விற்கிற இடத்தில் இல்லை என்று.

2008 ஏலத்தில் தோனிக்கு அடுத்த பெரிய விலை ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்கு. ஐதராபாத் டெக்கான் சார்ஜர்ஸ் கொடுத்தது 13.5 லட்சம் டாலர். அந்த அணி கடைசி இடம். நம்ம ஊர் அணியின் உரிமையையே விஜய் மல்லையா 11 கோடியே 16 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். எட்டில் ஏழாம் இடம். ராஜஸ்தான் உரிமை 6 கோடியே 70 லட்சம் டாலர், எட்டிலும் மலிவு. அவர்கள் ஷேன் வார்னை 4.5 லட்சத்துக்கும், ஷேன் வாட்சனை 1.25 லட்சத்துக்கும், சொஹைல் தன்வீரை 1 லட்சத்துக்கும் எடுத்தார்கள். தன்வீர் 22 விக்கெட். வாட்சன் தொடர் நாயகன். கோப்பையும் அவர்களுக்கே. (உரிமை விலையும் ஆட்டக்காரர் சம்பளமும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகள் சிலர் குழப்பிக் கொள்கிறார்கள், கவனிக்கவும்.)

ஆனால் என் கட்சிக்கு முக்கியமான சாட்சி 2014. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக்க முழுக்க நம் ஊரில் நடந்த கதை.

2013-14, 2014-15 ஆகிய இரண்டு பருவங்களிலும் வினய் குமார் தலைமையில் கர்நாடக அணி ரஞ்சிக் கோப்பை, இரானிக் கோப்பை, விஜய் ஹசாரே கோப்பை மூன்றையும் தொடர்ந்து வென்றது. அந்த முதல் பருவம் நடந்து கொண்டிருந்த 2014 பிப்ரவரியில், இதே பெங்களூரில், ஐ.பி.எல். ஏலம் நடந்தது. நம்ம ஊர் அணி யுவராஜ் சிங்கை 14 கோடிக்கு எடுத்தது. 60 கோடியில் 14 கோடி, கிட்டத்தட்ட கால் பங்கு. அதே ஏலத்தில் கொல்கத்தா அணி ராபின் உத்தப்பாவை 5 கோடிக்கும், மணீஷ் பாண்டேயை 1.7 கோடிக்கும் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் கர்நாடக அணியில் வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் முன்பு பெங்களூருக்கு ஆடியவர்கள்தான். ஐ.பி.எல்.லில் நூறு அடித்த முதல் இந்தியர் பாண்டே. அந்த நூறு 2009-இல் பெங்களூர் சட்டையில் அடித்தது. கர்நாடகத் தலைவர் வினய் குமாரையும் கொல்கத்தாவே கொண்டு போனது.

முடிவு என்ன ஆயிற்று? பெங்களூர் ஏழாம் இடம். யுவராஜ் மோசமாக ஆடினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த பணத்தில் வாங்கியிருக்க வேண்டிய பந்துவீச்சு இல்லை, அவ்வளவுதான். அந்த வருஷ இறுதி ஆட்டம் ஜூன் 1-ஆம் தேதி நமது சின்னசாமி மைதானத்தில் நடந்தது. பஞ்சாப் 199 அடிக்க, கொல்கத்தா துரத்திப் பிடித்தது. ஆட்ட நாயகன் 94 ஓட்டம் எடுத்த மணீஷ் பாண்டே. அந்தப் பருவத்தில் 660 ஓட்டத்துடன் ஆரஞ்சுத் தொப்பி உத்தப்பாவுக்கு. பெங்களூர்ப் பையன்கள், பெங்களூர் மைதானத்தில், கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள். இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த 6.7 கோடி, யுவராஜுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை! வீட்டுத் தோட்டத்து மாங்காயைப் பக்கத்துத் தெருக்காரன் பறித்துப் போக, நாம் மார்க்கெட்டில் ஆப்பிள் பேரம் பேசிய கதைதான். மறு வருஷம் டெல்லி அதே யுவராஜை 16 கோடிக்கு வாங்கியது. அதுவும் ஏழாம் இடம்.

கர்நாடகம் எப்படி இதைச் சாதித்தது? ரஞ்சியில் ஏலமும் கிடையாது, நட்சத்திர விலையும் கிடையாது. அங்கே வெளிப்படையாக ஜெயிக்க வேண்டுமானால் எதிரணியின் இருபது விக்கெட்டையும் எடுக்க வேண்டும். பந்துவீச்சாளரை வளர்க்காத மாநிலம் கோப்பை வாங்குவது கடினம். 1973-74 பருவத்தில், 15 வருஷம் விடாமல் வென்று வந்த பம்பாயை அரையிறுதியில் இதே பெங்களூரில் மடக்கிய கர்நாடக அணியில் பிரசன்னாவும் சந்திரசேகரும் இருந்தார்கள். தொண்ணூறுகளில் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், கும்ப்ளே, சுனில் ஜோஷி. 2014-இல் வினய் குமார், மிதுன், அரவிந்த். 2015 வரை கர்நாடகம் ரஞ்சியை எட்டு முறை வென்றது. சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், தமிழ்நாடு வென்றது இரண்டு முறை, 1954-55-லும் 1987-88-லும். இத்தனைக்கும் சென்னை லீக்கில் பணத்துக்குப் பஞ்சமில்லை. இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட் போன்ற கம்பெனிகள் அணிகளை நடத்தி, வெளிமாநில ஆட்டக்காரர்களையும் அழைத்து ஆடவைத்த லீக் அது. 2015 மார்ச்சில் மும்பையில் நடந்த ரஞ்சி இறுதியில் தமிழ்நாடு 134-க்குச் சுருண்டது. கர்நாடகம் 762. கருண் நாயர் மட்டும் 328. நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கு டி.வி.யை அணைத்துவிட்டார்கள். (ஒரு நாள், இருபது ஓவர் உள்நாட்டுக் கோப்பைகளில் தமிழ்நாட்டின் கணக்கு நன்றாகவே இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.)

இதை வைத்துக்கொண்டு பணம் வேண்டாம் என்று பேசினால் அது வறட்டு வாதம். தோனிக்குச் சென்னை கொடுத்த 15 லட்சம் டாலர்தான் 2008-இன் உச்ச விலை. ஐந்து கோப்பைகளை வாங்கித் தந்த கொள்முதலை யார் குறை சொல்ல முடியும்? 2024-இல் கொல்கத்தா மிட்செல் ஸ்டார்க்குக்கு 24.75 கோடி கொடுத்தபோது நாடே சிரித்தது. முதல் இரண்டு ஆட்டத்தில் அவர் ஒரு விக்கெட்டும் எடுக்காமல் நூறு ஓட்டம் கொடுத்தார். ஆனால் முதல் தகுதிச் சுற்றிலும் இறுதியிலும் ஆட்ட நாயகன் அவரேதான். அதே அணியில் 20 லட்சம் வாங்கிய ஹர்ஷித் ராணா 19 விக்கெட் எடுத்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற அன்பர்கள் அங்குள்ள பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை, அளவு மீறினால் ஆடம்பர வரி மட்டும்தான். 2002-இல் நியூயார்க் யாங்கீஸ் சம்பளத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. ஓக்லண்ட் அணி சுமார் 4 கோடிதான். இரண்டும் அந்தப் பருவத்தில் சரியாக 103 ஆட்டம் வென்றன. மற்றவர்கள் மதிக்காத குணங்களைப் புள்ளிவிவரத்தில் தேடி, மலிவாக ஆளெடுத்த ஓக்லண்ட் கதையை மைக்கேல் லூயிஸ் 2003-இல் புத்தகமாக எழுதினார், பிறகு சினிமாவாகவும் வந்தது. சினிமா பார்த்தவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு: ஓக்லண்ட் அந்த வருஷம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. யாங்கீஸும் அப்படியே! எதிர்ப்பக்கம், ஓதானிக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் எழுதிக் கொடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பையை வென்றது. வரம்பில்லாத இடத்தில் பணத்தின் பேச்சு எடுபடத்தான் செய்கிறது. வரம்பு இருக்கும் இடத்தில்தான் பங்கீடு என்ற கணக்கு வருகிறது.

பங்கீடு என்றால் யாருக்கு எந்த வேலை என்று தெரிந்து கொடுப்பது. திருக்குறளில் 48 முதல் 52 வரை ஐந்து அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். அரசனுக்குச் சொன்ன வரிசை அது. ஓர் அணி தேர்வாளர் மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு நம்ம தினேஷ் கார்த்திக். 2015-இல் பெங்களூர் அவரை 10.5 கோடிக்கு வாங்கியது, அந்தப் பருவத்தில் அவர் 150 ஓட்டத்தை எட்டவில்லை. 2022-இல் அதே பெங்களூர், அதே கார்த்திக், விலை 5.5 கோடி. இந்த முறை கடைசி சில ஓவர்களில் இறங்கி முடித்து வைக்கிற வேலை என்று தெளிவாகக் கொடுத்தார்கள். 330 ஓட்டம், இந்திய அணிக்கும் திரும்பினார். சரக்கு ஒன்றுதான், வைத்த அலமாரி வேறு.

பெங்களூர் இந்தப் பாடத்தைக் கற்க வெகுகாலம் ஆயிற்று. 2016-இல் கோலி ஒரே பருவத்தில் 973 ஓட்டம். இறுதி ஆட்டம் சொந்த மைதானம். 209 இலக்கு, விக்கெட் விழாமல் 114 வரை போய், 8 ஓட்டத்தில் தோல்வி. எதிரே ஐதராபாத், அந்தப் பருவத்தில் அதிக விக்கெட் எடுத்த புவனேஷ்வர் குமாரை வைத்துக்கொண்டு நின்றது.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் லக்னோ ரிஷப் பந்துக்கு 27 கோடி கொடுத்தது. நூறு ரூபாய் முதலில் 22.50 ஒரே பொருளில். லக்னோ ஏழாம் இடம். பெங்களூர் இந்த முறை பெரிய பெயர்களின் பின்னால் ஓடவில்லை. ஹேசல்வுட் 12.5 கோடி, புவனேஷ்வர் 10.75, குருணால் பாண்டியா 5.75, ஏற்கெனவே தக்கவைத்த யஷ் தயாள் 5 கோடி என்று பந்துவீச்சில் பணத்தைப் பரப்பியது. ஆலோசகராகவும் பேட்டிங் பயிற்சியாளராகவும் தினேஷ் கார்த்திக். 2025 ஜூன் 3, அகமதாபாத் இறுதி. பெங்களூர் எடுத்த 190-இல் ஒருவர்கூட ஐம்பது அடிக்கவில்லை, கோலியின் 43-தான் அதிகம். குருணால் நான்கு ஓவரில் 17 ஓட்டம் கொடுத்து 2 விக்கெட். 6 ஓட்டத்தில் வெற்றி. பதினெட்டு வருஷம் "ஈ சலா கப் நம்தே" என்று கேலிக்கு ஆளானவர்கள் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் பெங்களூருக்கு முதல் கோப்பையைக் கொண்டு வந்தவர்கள் பெண்கள். 2023-இல் நடந்த முதல் மகளிர் ஏலத்தில் மிக அதிக விலை ஸ்மிருதி மந்தனாவுக்கு, 3.4 கோடி, பெங்களூரே கொடுத்தது. அந்த வருஷம் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. 2024-இல் அதே மந்தனா தலைமையில் கோப்பை. அந்தப் பருவத்தில் அதிக விக்கெட் எடுத்தவர் பெங்களூர்ப் பெண் ஸ்ரேயாங்கா பாட்டீல். 13 விக்கெட், அதில் இறுதி ஆட்டத்தில் மட்டும் நான்கு. அவருக்குக் கொடுத்த விலை 10 லட்சம்.

எங்கள் பகுதியில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் விலை உயர்ந்த மட்டையை வாங்கிக் கொடுத்து, சிக்ஸர் அடிக்கக் கற்றுக் கொடுங்கள் என்கிறார்கள். பந்து போடக் கற்றுக் கொடுங்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். எந்தச் சரக்கு சந்தையில் குறைவாக வருகிறது என்பதை வியாபாரக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.