அரளியும் அதன் நஞ்சும்

பூச்செடிகளுள் அரளியைப் போல் எளிதில் வளர்வது அரிது. ஒரு தண்டை வெட்டி நட்டாலே வேர்விடும், வறட்சியைத் தாங்கும், ஆண்டு முழுவதும் இலையுதிராமல் பசுமையாய் நிற்கும். மத்தியதரைக்கடல் நாடுகள் தொட்டு ஆசியாவின் பல பகுதிகள் வரை வளரும் இச்செடி, சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் விவசாயிகளுக்கு வருவாய் தரும் பயிராகவும் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளின் நடுவிலும் இது நடப்பட்டிருக்கிறது. ஆடுமாடுகள் இதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆதலின் வேலி கட்டும் செலவும் இல்லை.

தீண்டாமைக்குக் காரணம் யாது? இலை, பூ, தண்டு, வேர், விதை ஆகிய எல்லாவற்றிலும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. பச்சை இலையின் கசப்பே கால்நடைகளை விலக்கி நிறுத்துகிறது. ஆனால் இலை வாடினால் கசப்பு தணிந்துவிடும், நஞ்சோ தணியாது. ஆகவே நிற்கும் செடியைக் காட்டிலும், கவாத்து செய்து வரப்போரம் குவித்த கழிவே பெரிய அபாயம். புல்லோடும் சோளத்தட்டையோடும் சில இலைகள் கலந்துவிட்டாலும் போதும். சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய கறவை மாடு இறந்துபோகக்கூடும். மாடு போனாலும் தவணை நிற்பதில்லை என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

சந்தையையும் இந்நஞ்சு தொடாமல் விடவில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் தத்தம் கோயில்களில் நிவேதனத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப்பூவைப் பயன்படுத்துவதை விலக்கின. மாலைக்கும் அர்ச்சனைக்கும் உரிய பூவை உண்ணும் பொருளோடு சேர்ப்பது தகாது என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய பாடம்.

ஆகையால் அரளி பயிரிடுவோரும், வீட்டு முற்றத்தில் அழகுக்காக வளர்க்கும் நெசவாளர் குடும்பத்தாரும் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம். கவாத்துக் கழிவை அன்றே குழிவெட்டிப் புதைத்துவிடுக, அடுப்பெரிக்க வேண்டா. தண்ணீர்த் தொட்டியின் அருகில் செடியை நடாதீர். இலை ஊறிய நீரும் நஞ்சாகும். பூப்பறித்த பின் கைகளைக் கழுவுக. குழந்தைகள் பூவையோ இலையையோ வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்க. எவரேனும் தின்றுவிட்டால் கைவைத்தியத்தில் காலம் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க; கால்நடையாயின் கால்நடை மருத்துவரை அழைத்திடுக.

அரளியை வெட்டி எறிய வேண்டியதில்லை. அதன் இயல்பை அறிந்து வளர்ப்போருக்கு அது அழகும் ஊதியமும் தரும். அறியாதார்க்கு அதுவே இழப்பாய் முடியும்.