ஐந்து எண்ணத் தெரியுமா?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ மிருதங்கம் கற்கும் பிள்ளையிடம் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டசாபு என்று சொல்லுங்கள். 'தக தகிட' என்று உடனே தொடையில் தட்டிக் காட்டும். அதே ஐந்தைத் திருப்பிப்போட்டு 'தகிட தக' என்று பியானோவில் வாசித்தால்? அதுதான் 'டேக் ஃபைவ்'.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக் 1958-ல் தம் குழுவோடு மதராஸுக்கும் வந்து வாசித்தவர். அதே பயணத்தில், துருக்கித் தெருக் கலைஞர்களிடம் ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தைக் கேட்டு அசந்துபோனார். மறு ஆண்டே அத்தகைய தாளங்களோடு 'டைம் அவுட்' ஆல்பம்! பதிவானது, நியூயார்க்கில் ஸ்டுடியோவாக மாறியிருந்த ஒரு பழைய தேவாலயத்தில். அதில், குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மாண்ட் எழுதிய டேக் ஃபைவ் மட்டும் லேசில் படியவில்லை. ஜூன் 25-ல் இருபது தடவைக்கு மேல் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். ஜூலை 1-ல்தான் சரியாக விழுந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து எண்ணிக்கை பாலபாடம் என்று கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

கேட்கும்போது ஒன்று கவனியுங்கள்: ஜோ மொரெல்லோ டிரம்ஸில் எங்கெங்கோ சுற்றித் திரிவார், பியானோ மட்டும் விடாமல் ஐந்தையே சொல்லிக்கொண்டிருக்கும். 1977-ல் காலமான டெஸ்மாண்ட், இதன் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்திருந்தார்.